ஜெலோவின் மேல் ஒரு வெள்ளைப் பூ

நின்ஃபாவின் கிண்ணத்தில் கிடந்த பூ அரளி.

தர்ப்பூசணிச் சாற்றைக் காய்ச்சிக் குளிரவைத்த ஜெலோ. சிவப்பின் மேல் துருவிய சாக்லேட், பிஸ்தா, நடுவில் ஒரு மல்லிகை. ஆகஸ்ட் மாதா திருநாளன்று பலேர்மோவில் அது இல்லாத சாப்பாட்டு மேசை கிடையாது.

கரண்டியை எடுத்தவள் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

கணவன் வீட்டோவின் கிண்ணத்தைப் பார்த்தாள். மல்லிகை. மாமனார் கிண்ணத்திலும் மல்லிகை. கொழுந்தன் தோத்தோ பாதியைக் காலி செய்தே விட்டான்.

ஜெலோ செய்தது மாமியார் ரோசாரியா. இந்தக் கோடை முழுக்க அடுப்படிக்குள் அவள் யாரையும் விட்டதில்லை. விடியற்காலையில் முற்றத்தில் பூப்பறித்ததும் அவள்தான். அங்கே மல்லிகைக் கொடி அரளிச் செடியின் மேல்தான் படர்ந்து கிடக்கிறது. ஆனால் இத்தனை வருஷமாகப் பறிப்பவளுக்கு எது எதுவென்று தெரியாதா?

இவள் இந்த வீட்டில் நிலைக்க மாட்டாள் என்று கல்யாணத்தன்று கோயில் வாசலிலேயே சொன்னவள். அதன்பிறகு ஒருநாள்கூட நின்ஃபாவின் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

அண்ணி இன்னும் தொடவேயில்லை என்று தோத்தோ போட்டுக்கொடுத்தான்.

"சாப்பிடு மருமகளே," என்றாள் ரோசாரியா. "விஷமா வெச்சிருக்கேன்?"

எல்லோரும் சிரித்தார்கள்.

நின்ஃபா மேசைக்கடியில் வீட்டோவின் தொடையைக் கிள்ளினாள். அவன் சிரிப்பை நிறுத்தவில்லை. வாயைத் திறந்து சொன்னால், பெற்ற தாயைக் கொலைகாரி என்கிறாயா என்று அவனே கேட்பான். எழுந்து தெருவுக்கு ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தாள்.

ரோசாரியா தன் கிண்ணத்தை அருகே இழுத்துக்கொண்டாள்.

அதில் இரண்டு பூ. இரண்டும் அரளி.

ஒரு பூவோடு சேர்த்து அள்ளிய கரண்டி அவள் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

நின்ஃபா பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். கரண்டி வெள்ளை விரிப்பில் விழ, ஜெலோ சிவப்பாகச் சிதறியது. சிரிப்பு அடங்கியது. வீட்டோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

ரோசாரியா திட்டவில்லை. கையை உதறவுமில்லை. தன்னைப் பிடித்த விரல்களை மறு கையால் தடவிப் பார்த்தாள்.

மெல்லத் தலையைத் திருப்பினாள். அவள் பார்வை நின்ஃபாவின் தோளைத் தாண்டி, வெறும் சுவரில் போய் நின்றது.

"யாரு?" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்பதுபோல் தணிந்த குரலில். "நின்ஃபாவா?"