நூற்றில் இருபத்து மூன்று

முதல் செல்லைப் பார்த்ததும் அவள் சாயத்தைத்தான் சந்தேகப்பட்டாள்.

புதுப் புட்டி. இன்று காலைதான் திறந்தது.

பல்லடத்து லேபில் புதுச் சாயம் திறக்கும்போதெல்லாம் தன் விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்து, ஸ்லைடில் இழுத்து, நிறம் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். நோயாளியின் ரத்தத்தில் சாயத்துக்குப் பரீட்சை வைக்கக் கூடாது. தன்னுடையது நல்ல ரத்தம் என்பது பதினோரு வருடமாகத் தெரிந்த விஷயம்.

"உங்க ரத்தத்தப் பாத்துப் பாத்தே மைக்ராஸ்கோப்புக்கு உங்க மொகம் பழகியிருக்குமுங்க அக்கா" என்று ரத்தம் எடுக்கிற மேசையிலிருந்து சுகன்யா கேலி செய்வாள்.

ஸ்லைடை நகர்த்தினாள்.

இரண்டாவது. மூன்றாவது.

பெரிய வெள்ளையணுக்கள். தடித்த நீல உடம்பு. கூட்டமான பஸ்ஸில் ஏறியவர்களைப் போல, பக்கத்துச் சிவப்பணுக்களை ஒட்டி வளைந்து கிடந்தன.

வேறு விரலைக் குத்தி இன்னொரு ஸ்லைடு போட்டாள். காயவைத்து, சாயம் ஊற்றி, கழுவி, எண்ணெய்ச் சொட்டு வைத்து மறுபடி உட்கார்ந்தாள். நூறு வெள்ளையணுக்களை எண்ணினாள்.

இருபத்து மூன்று அந்த மாதிரி.

சாயத்தின் மேல் தப்பில்லை.

வேறு யாருடைய ரத்தமாக இருந்தாலும் நிம்மதியாக எழுதியிருப்பாள். ரியாக்டிவ் லிம்போசைட்ஸ். வைரஸ் தொற்றாக இருக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை. உடம்பு ஏதோ கிருமியைக் கண்டுகொண்டு வேலையைத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான். தானாக அடங்கிவிடும்.

எட்டு மாதத்துக்கு முன் மகள் வர்ணிகாவின் ஸ்லைடையும் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்த்தாள். கடவுளே, இந்த மாதிரிச் செல்களாக இருக்கட்டும் என்று ஓரம் ஓரமாகத் தேடினாள். ஒன்றுகூட வளைந்து கொடுக்கவில்லை. எல்லாம் உருண்டையாக, ஒரே அச்சாக இருந்தன. ரத்தப் புற்று.

அன்று வராதவை இன்று வந்திருக்கின்றன. அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வர்ணிகாவுக்கு எட்டு வயது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் தனியறையில் இருக்கிறாள். எலும்பு மஜ்ஜை மாற்றி இருபத்திரண்டு நாள் ஆகிறது. பழைய வெள்ளையணுக்களை மருந்து மொத்தமாக அழித்துவிட்டது. புதியவை இப்போதுதான் தலைகாட்டுகின்றன. நாலாயிரமாவது இருக்க வேண்டிய இடத்தில் நேற்று நானூறு. அந்த அறைக்குள் போகிற ஜலதோஷம் ஜலதோஷத்தோடு நிற்காது.

கூட ஒருவர்தான் இருக்கலாம். இதுவரை கணவன் குணாளன் இருந்தான். இன்று மதியம் மூன்று மணியிலிருந்து அவள் முறை. கட்டிய பை லேபின் மூலையில் தயாராக இருந்தது.

போன் அடித்தது. வர்ணிகா.

"அம்மா, கெளம்பீட்டியா? அப்பாவுக்குக் கதையே சொல்லத் தெரியல. எந்தக் கதையா இருந்தாலும் கடசில ஒரு சிங்கம் வந்து எல்லாரையும் தின்னு போடுது."

"வேலையா இருக்கறன் கண்ணு. அப்பறம் கூப்படறன்."

வைத்துவிட்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து தொண்டையில் ஒரு கரகரப்பு. ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தாள். காய்ச்சல் இல்லை. வார்டு வாசலில் நெற்றிக்கு நேரே காட்டுகிற கருவி அவளை உள்ளே விட்டுவிடும். இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு, கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்து...

இதை அவள் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு முழு நிமிடம் யோசித்தாள்.

பிறகு போகக் கூடாது என்று முடிவு செய்தாள். குணாளன் இன்னும் பத்து நாள் இருக்கட்டும். லேபில் லீவு தரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். கோபப்படுவான். படட்டும்.

அப்போதுதான் வியாழக்கிழமை நினைவுக்கு வந்தது.

மாற்றுத் துணி கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். நர்ஸ் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, குணாளன் கேண்டீனுக்கு இறங்கி வந்தான். வெளியே எங்கே போனாலும் ஒரு டீ வாங்கி இருவரும் மாற்றி மாற்றிக் குடிப்பது கல்யாணமான நாளிலிருந்து வந்த பழக்கம். அன்றும் ஒரு டீதான் வாங்கினார்கள்.

ஒரு நாளைக்கு நாற்பது முறை கை கழுவுகிறவள் அவள்.

இந்தச் செல்கள் இவ்வளவு பெருக ஒரு வாரமாவது ஆகும். இன்று திங்கள். வியாழக்கிழமையே கிருமி அவளுக்குள் இருந்திருக்கிறது. தொண்டைக்குத்தான் ஒரு நாள் கழித்துத் தெரிந்தது.

அவள் போகாமல் இருந்தால் மட்டும் போதாது.

வார்டுக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், வர்ணிகா அம்மா பேசறனுங்க. எனக்கு வைரஸ் தொத்தியிருக்குதுங்க. வியாழக்கெழம அவரும் நானும் ஒரே கப்புல டீ குடிச்சோம். அவர உடனே வெளிய வரச் சொல்லீருங்க."

"அவருக்கு ஒண்ணுமில்லீங்களே. காலைலகூட செக் பண்ணினோம்."

"வெளிய தெரியறதுக்கு முன்னாடியே அடுத்தவங்களுக்கு ஒட்டிக்குமுங்க. டாக்டர்கிட்ட நானே பேசறன். மொதல்ல அவரு வரட்டும்."

"அப்ப பாப்பா கூட ஆருங்க இருக்கறது?"

மாமியாருக்கு ஒரு மாதமாக இருமல். தங்கையின் கைக்குழந்தைக்குச் சளி. வேறு பெயர் எதுவும் அவள் வாயில் வரவில்லை.

"ஆருமில்லீங்க" என்றாள்.

சிஸ்டர் போனைக் கையில் பிடித்தபடியே நடந்தாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சார், கொஞ்சம் வெளியே வாருங்கள் என்று கூப்பிடுவது கேட்டது. நாற்காலி நகர்ந்தது.

கதவு மூடுவதற்குள், உள்ளிருந்து வர்ணிகாவின் குரல் துள்ளிக்கொண்டு வந்தது.

"அம்மா வந்தாச்சா?"