ஒரு காது வீட்டுக்கு

மூன்றாவது பெட்டியின் மேல் விரலை வைத்தாள்.

யோசிக்கவே இல்லை.

அங்கேதான் தாத்தாவுக்கு இடித்தது.

எட்டு வயதுப் பேத்தி. ஐஸ்கிரீம் கடையில் இவள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குள் கடைக்காரருக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை வளர்ந்து கல்லாவில் உட்கார்ந்துவிடும். அப்படிப்பட்டவள், ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் மாதிரிக்கு வைத்திருந்த கிடார் பெடல்களில் ஒன்றை, கண்ணை மூடித் திறப்பதற்குள் தேர்ந்தெடுத்துவிட்டாள்.

பெடல் என்றால் காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி. கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு சத்தத்தை என்னென்னவோ செய்யும். இங்கே உதிரியாகத் தருவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாத்தாவும் பேத்தியுமாக ஈயம் பற்றவைத்துக் கோக்க வேண்டும். லீவுக்கு அதுதான் திட்டம்.

அவர் டெலிபோன் இலாகாவில் இருந்தவர். மாம்பலத்தில் பாதி வீடுகளில் மணி அடித்ததே தான் வைத்த ஈயத்தால்தான் என்பார். மீதிப் பாதி? அவர்கள் போன் வாங்கவில்லை என்பார்.

முதல் பெட்டி கிடாரை லாரி மாதிரி உறும வைக்கும். இரண்டாவது, கிணற்றுக்குள் உட்கார்ந்து வாசித்ததுபோல எதிரொலிக்கும்.

மூன்றாவது எதையும் மாற்றாது. வாசித்ததைப் பிடித்து வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப அதையே வாசிக்கும். அவ்வளவுதான்.

முதல் பெட்டியை அவள் முன்னால் நகர்த்திப் பார்த்தார்.

"இது உறுமும்மா. எதிர்வீட்டு நாய் ஊரை விட்டே ஓடிடும்."

"வேணாம்."

நாயை விரட்ட மாட்டேன் என்கிற குழந்தை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஏன் இது?"

"சிவப்பா இருக்கு தாத்தா."

முதல் பெட்டியும் சிவப்புதான்.

அவள் கூரையைப் பார்த்தாள்.

காலையிலேயே கவனித்திருக்க வேண்டும். கேட்காமலே அவர் செருப்பை எடுத்து வைத்தாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்தாள். உலக வரலாற்றில் நடக்காத காரியம்.

பிறகு கடைக்காரரிடம், சும்மா கேட்பவள்போலக் கேட்டாள்.

"அங்கிள், இது ஒரு மணி நேரம் விடாம வாசிக்குமா?"

"நீ திரும்ப மிதிக்கிற வரைக்கும் வாசிக்கும் பாப்பா. நீ தூங்கினாலும் அது தூங்காது."

ஒரு மணி நேரம்.



ஐந்திலிருந்து ஆறு வரை கிடார் பயிற்சி. அவள் அம்மா போட்ட சட்டம். அதே ஐந்து மணிக்குத்தான் குடியிருப்புப் பிள்ளைகள் எல்லாம் கீழே ஷட்டில் ஆட இறங்குவார்கள். இவள் ஜன்னல் கம்பியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கிடாரைச் சொறிந்துகொண்டிருப்பாள்.

அம்மா வந்து பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுவாள். அது கம்பெனிக்கு. மறு காது வீட்டுக்கு.

அந்த மறு காதுக்குத் தெரியாமல் அங்கே ஒரு பல்லி கொட்டாவி விட முடியாது.

"தப்பா வாசிச்சா, அங்கிள்?"

"தப்பையும் அப்படியே வாசிக்கும்."

திருப்தியாகத் தலையாட்டினாள்.

தப்பே இல்லாமல் கேட்டால் அம்மா எழுந்து வந்துவிடுவாள்.

எட்டு வயது. பெரியவளாகி எந்த நாட்டைப் பிடிக்கப்போகிறாளோ.

சொல்லிவிட வேண்டியதுதான். மகளுக்கு அப்பாவாக அது அவர் கடமை. சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

போன் தானாகவே அடித்தது. மகள்.

"அப்பா, மணி மூணாச்சு. இன்னிக்கு ஒரு நாள் போனாப் போகுது. நாளைலேர்ந்து சாப்பிட்டதும் படுத்துடணும். டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? எனக்குக் குறட்டை கேக்கணும். நின்னுச்சு, எழுந்து வந்துடுவேன்."

இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து இதே பாட்டு. பகல் தூக்கம். அதுவும் முனைக்கடையில் பஜ்ஜி முதல் ஈடு இறங்குகிற நேரம் பார்த்து. ஜன்னல் வழியாக வாசனை மட்டும் வரும். வந்து அவர் பக்கத்தில் படுத்துக்கொள்ளும்.

அவருடையது சாமானியக் குறட்டையும் அல்ல. தண்ணீர் லாரிக்காரர் ஓரங்கட்டி வழி விடுவார். அது நின்றால் தெருவே விழித்துக்கொள்ளும்.

"சரிம்மா."

"என்ன பொட்டி எடுத்தா அவ?"

பேத்தி இப்போது கூரையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். மூச்சு விடாமல் நின்றாள்.

சிவப்புப் பெட்டி மேஜையில் இருந்தது.

"பாத்துக்கிட்டே இருக்கோம்மா."

போனை வைத்தார்.

பெட்டியைக் கையில் எடுத்தார். திருப்பினார். பின்பக்கம் இரண்டு துளைகள். ஒன்றில் கிடார் சொருகலாம். மற்றதில் ஸ்பீக்கர்.

கடைக்காரர் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"கிடாருக்குப் பதிலா இதுல மைக் சொருகலாமா?"

"குட்டியா ஒரு போர்டு சேத்துக்கணும். சொருகலாம். சார் பாடுவீங்களா?"

அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"மைக் எதுக்குத் தாத்தா?"

"சிவப்பா இருக்குல்ல."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் மூக்கைப் பார்த்தாள்.

"எனக்கு வாழைக்கா பஜ்ஜி," என்றாள்.