பொடி எழுத்து

எவரெட் கிளாரினெட்டை உதட்டில் வைத்தார். ஊதவில்லை.

நான் மேடையோரத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடத்துநர் ஹால்வர்சன் கையிலிருந்த கோலை எவரெட் பக்கம் நீட்டியபடியே இருந்தார். எதிரே டுலூத் நகரமே சனிக்கிழமை மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது.

எவரெட் அங்கே வாசிக்க வேண்டிய எட்டு பார், அதாவது எட்டுத் தாளக் கட்டம், புதன்கிழமை வரை லோர்னாவின் ஓபோக் குழலுக்கு உரியது. மிஞ்சினால் அரை நிமிடம் வரும். இருபத்தாறு வருடமாக எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் இருப்பவளுக்கு இந்தச் சிம்பொனியில் தனியாகக் கிடைத்தது அவ்வளவுதான்.

செவ்வாய் ஒத்திகையில் அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "மேஸ்ட்ரோ, தாள்ல நாலு தட்டு இருக்கு, நீங்க மூணுதான் போடுறீங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

சரியாகத்தான் சொன்னாள். அதுதான் குற்றம்.

மறுநாள் காலை ஹால்வர்சன் என் அறைக்கு வந்தார். சிம்பொனியை எழுதியவரும் அவரே, நடத்துபவரும் அவரே. கேட்பார் யார்?

"அந்த எட்டு பாரை எவரெட்டுக்குத் தூக்கிப் போடு, டெல்ஃபின். லோர்னா சும்மா உக்காந்து எண்ணட்டும். எண்ணத்தான் நல்லாத் தெரியுதே அவளுக்கு."

வாத்தியக்காரர்களுக்குத் தாள் தயார் செய்வது என் வேலை. எல்லா வாத்தியமும் அடங்கிய, நடத்துநர் பார்க்கும் முழு ஸ்கோரில் ஒரு மாற்றம் செய்தால் போதும், அறுபது பேர் தாளையும் மென்பொருள் தானாக மாற்றிவிடும். கணினிக்கு எசமான விசுவாசம் அதிகம். எனக்கு அவ்வளவு கிடையாது.

மாற்றினேன். சுரங்கள் எவரெட் தாளுக்குப் போயின. லோர்னா தாளில் எட்டு பாரும் மௌனம்.

அந்த மௌனத்துக்கு மேலே அதே சுரங்களைப் பொடி எழுத்தில் சேர்த்தேன். சும்மா இருப்பவருக்கு எண்ணிக்கை தவறாமலிருக்க, அடுத்தவர் வாசிப்பதை அப்படிக் காட்டுவோம். அதில் தப்பே இல்லை. தாளில் மட்டும் தெரியும், ஸ்கோரில் தெரியாது. ஆனால் பொடி எழுத்துக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. உரியவர் வாசிக்காமல் போனால், அது யார் தாளில் இருக்கிறதோ அவர் வாசிக்கலாம்.

எவரெட் ஏன் வாசிக்காமல் போகப்போகிறார்? வாயில்லாப் பூச்சி. ஏதோ என் ஆற்றாமைக்குச் செய்தேன். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

புதுத் தாள் கொடுத்தால் எல்லாரும் என்னைத் திட்டுவார்கள். பழைய தாளோடு பென்சில் குறிகளும் போய்விடும். மூச்சு எடுக்கும் இடம், 'மேஸ்ட்ரோவைப் பார்' என்பதற்கு வரையும் மூக்குக்கண்ணாடி, எல்லாவற்றையும் மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். இந்த முறை ஒருவரும் திட்டவில்லை. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

இப்போது மேடையில் முதல் பார் வெறுமையாகப் போனது. எவரெட் கிளாரினெட்டை மடியில் இறக்கினார்.

இரண்டாவது பாரில் ஓபோ எழுந்தது.

லோர்னா மீதி ஏழு பாரையும் ஒரே மூச்சில் வாசித்தாள். ஹால்வர்சன் கோலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. 'இப்ப எண்ணுடா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கைதட்டல் ஓய்ந்ததும் ஹால்வர்சன் நேரே என்னிடம் வந்தார்.

"கிளாரினெட் தாளைக் கொண்டா. நீ மாத்தலைன்னா தொலைஞ்சே."

ஆளில்லாத மேடைக்குப் போய் எடுத்துப் பார்த்தேன். எட்டு பாரும் பெரிய எழுத்தில், பிழையில்லாமல் இருந்தன. அவற்றுக்கு மேலே பென்சிலில் ஒரு மூக்குக்கண்ணாடி. பக்கத்தில், 'லோர்னாவை'.

புல்லாங்குழல் தாளைப் புரட்டினேன். அதே இடத்தில் மூக்குக்கண்ணாடி, அதே பெயர். பசூன் தாளிலும் இருந்தது. வயலின்களிலும் இருந்தது. அந்த இடத்தில் வாசிக்க ஒன்றுமே இல்லாத டிரம்காரர் தாளில்கூட.

நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

அவர் கேட்டது ஒரு தாள். எல்லாவற்றையும் அள்ளி அடுக்கினேன். அறுபது பேரை என்ன செய்துவிடுவார்?

நாளைக்கும் இதே கச்சேரி. நடத்துநர் மேசையில் ஹால்வர்சனின் ஸ்கோர் மட்டும் அந்த எட்டு பார் வரும் பக்கத்தில் குறி எதுவும் இல்லாமல் திறந்து கிடந்தது.

தாள்களும் ஸ்கோரும் ஒத்துப்போக வேண்டும். அதுதானே என் வேலை.

பென்சிலைச் சீவினேன்.