திருத்திய பின்னல்

"இவ்வளவு வேலை செய்து குடுத்தன். அவவின்ரை வாயிலை ஒரு நல்ல சொல்லு வரேல்லை," என்று பொருமினாள் நிரஞ்சனி.

புருஷன் ஜோன்சன் காரை லாசால் தேவாலய மண்டபத்துக்கு முன்னால் நிறுத்தினான். கீழ்வீட்டு மாக்கிரட் அன்ரி, ஸ்கொட்லாந்தில் தான் பிறந்த கடலோரக் கிராமத்தைப் பற்றி உள்ளே கண்காட்சி வைத்திருந்தார்.

"சுவெற்றரிலை பூச்சி அரிச்ச ஓட்டையைத்தானே தைக்கத் தந்தவ?"

"ஓம். 'அப்பாவின்ரை உடம்பு கரை ஒதுங்கேக்கை இந்தச் சுவெற்றரைத்தான் போட்டிருந்தவர்' எண்டு சொன்னவ. கமக்கட்டுக்குக் கீழை ஒரு பின்னல் தலைகீழாய்க் கிடந்தது. அந்தப் பிழையோடை நாலு பேர் பாக்கிறதே? பிரிச்சு, திருத்திப் பின்னிக் குடுத்தன். தடவிப் பாத்தா. 'வடிவாய் இருக்கு' எண்டா. அவ்வளவுதான்."

பிழை கண்ணில் பட்டால் நிரஞ்சனியின் கை சும்மா இருக்காது.

மண்டபச் சுவர் முழுக்கப் பழைய படங்கள். ஒன்றில், கடலுக்குப் போகும் புருஷன்மாரை மனைவிமார் முதுகில் சுமந்து, தண்ணீருக்குள் நடந்து படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். புருஷன்மாரின் கால் நனையக் கூடாதாம்.

"நாளைக்குச் சினோப் பனிக்குள்ளாலை என்னையும் தூக்கிக் காரிலை ஏத்திவிடன்," என்றான் ஜோன்சன்.

நிரஞ்சனி சிரிக்கவில்லை. எப்பேர்ப்பட்ட பெண்கள் என்று படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். கோபம் பாதி அங்கேயே போய்விட்டது.

நடுமேசையில் அந்த நீலச் சுவெற்றர். மாக்கிரட் அன்ரி பேசத் தொடங்கினார்.

"எங்கள் ஊர் ஆண்கள் எல்லாருக்கும் ஒரே பின்னல்தான். அதனால் ஒவ்வொரு மனைவியும் தன் புருஷனுடையதில் வேண்டுமென்றே ஒரு பிழை விடுவாள், தனக்கு மட்டும் தெரிந்த இடத்தில். கடல் ஆளைத் திருப்பித் தரும்போது முகம் இருக்காது. அந்த இடத்தைத் தடவித்தான் தன் ஆளை அடையாளம் காண்பாள்."

நிரஞ்சனி ஜோன்சனின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இதில் அந்தப் பிழை எங்கே?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

மாக்கிரட் அன்ரியின் கை கமக்கட்டுக்குக் கீழே போய், அங்கேயே நின்றது. கூட்டத்துக்குள் நிரஞ்சனியைத் தேடிப் பார்த்தார்.

"இதில் பிழை இல்லை," என்றார் சிரித்தபடி. "இதைப் போட்டவர் உயிரோடு வீடு வந்து சேர்ந்தவர்."