கால் பிரேக்

பைக்கின் நான்கு பிரேக் பேடுகளையும் கழற்றி செய்தித்தாளில் பரப்பி வைத்துவிட்டு, மெக்கானிக் ரங்கராசு கை கழுவப் போனான்.

காத்திருந்த அவளால் சும்மா இருக்க முடியவில்லை. எதையும் திருப்பிப் பார்க்காமல் வைக்கிற ஜென்மம் இல்லை அவள்.

முன்சக்கரத்து ஜோடி கிட்டத்தட்ட புதுசு.

பின்சக்கரத்து ஜோடியில் வெறும் இரும்புதான் மிச்சம். மோந்து பார்த்தாள். கருகிய வாடை.

நான்கையும் ஒரே நாளில்தான் மாற்றினார்கள், ஜனவரியில். அன்றைக்கும் இதே பீளமேட்டுப் பட்டறையில், இடது கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.

ஒரே வண்டி. ஒரே ரோடு. இது மட்டும் எப்படி?

"ஜாமாயிருச்சோ?" என்று கேட்டாள்.

ரங்கராசு குனிந்து பார்த்தான்.

"ஜாமானா ஒரு பக்கந்தானுங்க்கா தேயும். இது ரெண்டும் ஒண்ணாத் தேஞ்சிருக்குது. பின்பிரேக்கு கால்லதானுங்க, அந்தக் கால எடுக்கறதே இல்லீங்க. பிரேக்கு மேலயே வெச்சுட்டு ஓட்டறது. புதுசாப் பழகறவங்க இப்படித்தான் ஓட்டுவாங்க. பயமுங்க."

"யாரு, எங்க வீட்டுக்காரரா!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினைந்து வருஷமாக ஓட்டுகிற ஆள். இந்தப் பெரிய வண்டியில் லடாக்குக்கே இரண்டு தரம் போய் வந்தவன்.

சிரிப்பு பாதியில் நின்றது.

டிசம்பரில் வால்பாறை இறக்கம். மழை ஈரம். வளைவில் வண்டி சரிந்தது. அவனுக்கு ஒரு கீறல் இல்லை. பின்னால் இருந்த அவளுக்குத்தான் தோளில் காறை எலும்பு முறிந்தது.

அதைப் பற்றி அவன் அப்புறம் பேசியதே இல்லை.

அவள்தான் நச்சரித்தாள். மறுபடி அதே மலைக்குப் போக வேண்டும், அதே வளைவில் இறங்க வேண்டும், அப்போதுதான் பயம் போகும் என்றாள். தன் பயத்தைத்தான் சொன்னாள். அவனுக்கும் ஒன்று இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

போலாமே என்றான். உடனே. வருகிற சனிக்கிழமைக்கு ரூம் போட்டவன் அவன். பேடு மாற்றணும் என்று காலையில் வண்டியை இங்கே விட்டுவிட்டு, பஸ் பிடித்து வேலைக்குப் போனவனும் அவனே.

நாலு மாசம். கறிவேப்பிலை வாங்கப் போனபோதுகூட பிரேக்கிலிருந்து காலை அவன் எடுக்கவில்லை.

பாவி மனுஷன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ரங்கராசு புதுப் பேடுகள் இரண்டு பெட்டி எடுத்து வந்து வைத்தான். ஒன்று டவுனுக்கு, மெத்தென்று பிடிக்கும். இன்னொன்று மலைக்கு, எத்தனை சூடானாலும் பிடி விடாது.

"எதப் போடட்டுங்க?"

அவள் போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, தோளு இன்னும் குத்துதுங்க. சனிக்கிழம மல வேண்டாம்."

தோளில் ஒரு குத்தலும் இல்லை. மார்ச்சிலேயே சரியாகிவிட்டது.

"குத்துதா அம்மிணி? அட, மொதல்லயே சொல்றதுக்கென்ன! ரூம இப்பவே கேன்சல் பண்ணிர்றேன். மல எங்க ஓடியா போயிரும்? சாயங்காலம் வர்றப்ப உனக்கு என்ன வாங்கியாரட்டும், சொல்லு."

வலிக்கிறது என்று சொன்ன பெண்டாட்டியிடம் இத்தனை சந்தோஷமாக ஒரு மனிதன் பேசி அவள் கேட்டதில்லை.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டவுன் பெட்டியைத் தொட்டாள்.

"இதப் போட்டுருங்க."

மற்றதை ரங்கராசு அலமாரிக்குத் திருப்பி எடுத்துப் போனான்.

"அதையும் குடுங்க," என்றாள். "வீட்டுல இருக்கட்டும்."