யார் பேருக்கு?

எங்கள் குடியிருப்பின் உடற்பயிற்சிக் கூடத்தில், சைக்கிளில் ஏறியதும் அது "யார் பேருக்கு?" என்று கேட்கும். சொன்ன பெயருக்கு உடம்பு தேறும். மிதித்தவருக்குக் களைப்புதான் மிஞ்சும்.

மரகதவல்லி அக்கா, கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்வதுபோல முதலில் கணவர் பெயரையும் பிறகு மகன் பெயரையும் சொல்வார். தன் பெயரைச் சொன்னதே இல்லை. "இங்க வந்தப்புறம்தாம்மா நானும் எதுக்கோ உபயோகம்னு தோணுது" என்பார். பக்கவாதத்தில் கிடந்த அவர் கணவர் தணிகாசலம் எழுந்து நடந்தார்.

இன்று அக்கா சைக்கிளிலிருந்து சரிந்து விழுந்தார். பயிற்சியாளரான நான் போன் செய்ததும் தணிகாசலம் படியேறி ஓடி வந்தார்.

"நெஞ்சு ரொம்ப பலவீனமா இருக்கு சார். வீட்டு ஆள் மிதிச்சாத்தான் சேரும். உடனே ஏறுங்க."

"நான் இருக்கேன்ல?" என்று ஏறி உட்கார்ந்தார்.

"யார் பேருக்கு?" என்றது சைக்கிள்.

"தணிகாசலம்."

"சார், அக்கா பேரு!" என்று கத்தினேன்.

"வரிசைன்னு ஒண்ணு இருக்கேம்மா. குடும்பத் தலைவர் முதல்ல, அப்புறம் பையன், அதுக்கப்புறம்தான் இவ."

வியர்க்க வியர்க்க மிதித்தார். மகன் பெயர் முடிந்ததும், "மீதி நாளைக்கு" என்று இறங்கினார்.

நான் வாயைத் திறப்பதற்குள், பெஞ்சில் கிடந்த அக்கா மூச்சிரைக்க எழுந்து அவருக்குத் துண்டை நீட்டினார்.