அதே நம்பர்

“இன்னைக்கு விடப் போறதில்லைக்கா. லைவ்லயே வச்சு மானத்தை வாங்கிடறேன்.”

தொகுப்பாளன் நாற்காலியில் உட்காரவில்லை. ஸ்டூடியோவுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

“யார் மானத்தை?” என்றாள் ஒலிக் கட்டுப்பாட்டு மேஜையில் இருந்த அக்கா.

“அந்த ரயிலடிப் பாட்டைக் கேக்குற ஆளோட மானத்தைத்தான்.”

யாரும் கவனிக்காமல் விட்ட நல்ல பாட்டுகளைத் தேடிப் பிடித்து ரேடியோவில் போடுவது அவன் நிகழ்ச்சி. என்ன பாட்டு வேண்டும் என்று நேயர்கள் போனில் கேட்க வேண்டும். மேலதிகாரிக்கு ஆரம்பத்திலிருந்தே அதில் இஷ்டமில்லை.

“ஊருக்கே தெரியாத பாட்டை யாருய்யா கேக்கப் போறான்?” என்றார்.

“பழைய படத்துல வந்த அந்த ரயிலடிப் பாட்டை மட்டும் வாரா வாரம் யாராவது கேக்குறாங்க சார்” என்று இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லிவிட்டு வந்திருந்தான்.

ஒரு வாரம் துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண். ஒரு வாரம் தொண்டை கட்டிய டீச்சர். இன்னொரு வாரம் கைக்குழந்தைக்காரி. ஊரே அந்தப் பாட்டுக்கு உருகுகிறது என்று பூரித்துப் போயிருந்தவன், இன்று காலையில்தான் பழைய அழைப்புகளைப் புரட்டிப் பார்த்தான். அத்தனையும் ஒரே நம்பர்!

“பாடினவரோட வேலைதான்க்கா. ஆள் வச்சுக் கேக்க வைக்கிறாரு. மேல தெரிஞ்சா நிகழ்ச்சியை இழுத்து மூடிடுவாங்க. அதுக்கு முன்னாடி நானே கிழிச்சிடறேன்.”

“முதல்ல உட்காருப்பா. உன்னைப் பார்த்து எனக்குத் தலை சுத்துது.”

உட்கார்ந்தான். உட்கார்ந்தும் கால் நிற்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தது.

போன் மினுங்கியது.

“வந்துட்டாங்க. அதே நம்பர். இப்ப ஓடுற பாட்டு முடியறவரைக்கும் நீ பேசறது வெளிய கேக்காது. முதல்ல விசாரி, அப்புறமாக் குதி” என்றாள் அக்கா.

“வணக்கம் சார்! காலேஜ்ல படிக்கிற பொண்ணு பேசறேன்” என்றது ஸ்பீக்கரில் ஒரு கீச்சுக்குரல்.

“அடடே! போன வாரம் துணிக்கடையில இருந்தீங்களே, வேலையை விட்டுட்டுப் படிக்கப் போயிட்டீங்களா?”

“அது… அது வேற பொண்ணு சார்.”

“உங்க நம்பர் இங்க தெரியும்மா.”

“நம்பர் தெரியுமா?” கீச்சுக்குரல் காணாமல் போய், வயதான ஒரு அம்மாவின் குரல் வந்தது. “அட கடவுளே! குரலை மாத்தினாப் போதும்னு நினைச்சேனே!”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

“எதுக்கும்மா இந்த நாடகம்? யாரு சொல்லிப் பண்றீங்க?”

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்க தம்பி. நான் மாடியில நிக்கிறேன். அவர் கீழ ரேடியோகிட்ட இருக்கார். அந்தப் பாட்டைப் பாடினவர்தான் என் வீட்டுக்காரர். பாடினதே அது ஒண்ணுதான். படம் வந்த சுவடு தெரியாமப் போச்சு, பாட்டும் அதோட போச்சு. அப்புறம் காலம் பூரா ஆபீஸ்ல குமாஸ்தா. இப்ப அந்த வேலையும் முடிஞ்சிடுச்சு. யார்கிட்டயும் பேசறதில்லை, சாப்பாட்டுல பாதியில எழுந்துடறார். ஒரு நாள் மனசு கேக்காம உங்களுக்குப் போன் பண்ணேன். நீங்களும் போட்டீங்க. அன்னைக்குத் தட்டுல மிச்சம் வைக்கலை தம்பி.”

தொகுப்பாளனின் கால் ஆடுவது நின்றிருந்தது.

“கேக்குறது நான்தான்னு தெரிஞ்சா மனுஷன் நொறுங்கிப் போயிடுவார். தப்புதான். இனிமே பண்ணலை, வச்சிடறேன்.”

“பாட்டு முடியப் போகுது. என்ன பண்ணப் போறே?” என்றாள் அக்கா.

இவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். நிகழ்ச்சியை மூடினால் மூடட்டும் என்று தோன்றியது.

“வைக்காதீங்கம்மா. லைன்லயே இருங்க.”

நேரலைக்கான சிவப்பு விளக்கு எரிந்தது.

“அடுத்த நேயர்… வந்து…” வார்த்தை தடுமாறியது. ஒரு வழியாகச் சமாளித்தான். “ஒரு கல்லூரி மாணவி. சொல்லுங்கம்மா, என்ன பாட்டு வேணும்?”

“அந்த… ரயிலடிப் பாட்டு சார்.” கீச்சுக்குரல் திரும்பி வந்துவிட்டது. “எங்க ஹாஸ்டல்ல எல்லாருக்கும் அந்தப் பாட்டுன்னா உசிரு!”

“போட்டுடலாம். நல்லாப் படிங்கம்மா.”

நிகழ்ச்சி முடிந்து ஹெட்போனைக் கழற்றி வைத்த பிறகுதான் அவனுக்கு ஒழுங்காக மூச்சு வந்தது. அதற்குள் போன் மறுபடியும் மினுங்கியது.

“அதே நம்பர்தான்” என்றாள் அக்கா.

நன்றி சொல்லக் கூப்பிடுகிறார் என்று நினைத்து எடுத்தான். ஆண் குரல்.

“சார், அவ போனை வச்சிட்டுக் கடைக்குப் போயிருக்கா. வர்றதுக்குள்ள சொல்லிடறேன். அந்தக் காலேஜ் பொண்ணு என் சம்சாரம். கண்டுபிடிச்சிட்டீங்க, இல்லையா? நீங்க தடுமாறினதுலயே தெரிஞ்சுபோச்சு.”

“உங்களுக்கு… எப்பலேர்ந்து சார் தெரியும்?”

“முதல் தடவையே தெரியும். அவ குரல் எனக்குத் தெரியாதா? தயவுபண்ணி அவ கூப்பிட்டா எடுக்காம மட்டும் இருந்துடாதீங்க.”

“கண்டிப்பா எடுப்பேன் சார். அது அருமையான பாட்டு. இன்னும் நாலு பேர் காதுல விழணும்.”

“அட விடுங்க சார், அது சுமார்தான்” என்று அவர் சிரித்தார். “என்னைவிட எவ்வளவோ நல்லாப் பாடினவ அவ. அந்தக் காலத்துல உங்க ரேடியோவுக்குத்தான் குரல் தேர்வுக்கு வந்தா. வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. அன்னைக்கோட பாடறதையே விட்டுட்டா. இப்ப வாரா வாரம் என் பாட்டுக்கு முன்னாடி அவ ரெண்டு வார்த்தை பேசறா பாருங்க… ரேடியோவுல அவ குரல் வர்றதைக் கேக்கத்தான் சார் நான் உட்கார்ந்திருக்கேன்.”